எல்லாருக்கும் போஸ்ட்மேன் வேஷம்தான் வேணுமாம்!

கேள்வி: நான் யு.கே.ஜி. டீச்சர். வகுப்பில் போஸ்ட் ஆபீஸ் விளையாட்டு வைத்தால் போஸ்ட்மேனாக யார் இருப்பது என்று ஒரே அடிதடி. பையை மாட்டிக்கொண்டு இரண்டு சுற்று ஓடியதும் ஆட்டம் முடிந்துவிடுகிறது. எழுதவும் இன்னும் சரியாக வராது. எப்படி நடத்துவது?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: அடித்துக்கொள்ளாமல் என்ன செய்வார்கள் டீச்சர், அந்த விளையாட்டில் வேலை இருப்பதே ஒருத்தருக்குத்தானே! பையை ஆணியில் மாட்டிவிட்டு, பெட்டியில் விழுந்த கடிதம் வீட்டு வாசலுக்கு வருவதற்குள் நடக்கிற வேலைகளை முதலில் கொடுங்கள். பெட்டியைத் திறந்து அள்ள ஒருத்தர், முத்திரை குத்த ஒருத்தர், பிரித்துப் போட நாலு பேர். வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டி மையில் தோய்த்தால் முத்திரை ரெடி. எதுக்குக் குத்துகிறோம் என்று கேட்பார்கள். ஒட்டின ஸ்டாம்பை உரித்து இன்னொரு கடிதத்தில் ஒட்டிவிடக் கூடாதே, அதுக்குத்தான் என்று சொல்லுங்கள். (உடனே ரெண்டு பேர் உரித்துப் பார்ப்பார்கள், பரவாயில்லை.)

எழுத வராதது ஒரு குறையே இல்லை. ஆளுக்கொரு படம் கொடுங்கள், மயில், குடை, சைக்கிள் என்று, அதுதான் முகவரி. காலி செருப்பு டப்பாக்களில் அதே படங்களை ஒட்டி அடுக்கிவிட்டால் பிரித்துப் போடும் இடமும் தயார். நடுவில், பெறுபவர் படமே இல்லாமல் மூலையில் அனுப்பியவர் படம் மட்டும் போட்ட கடிதம் ஒன்றை நைசாக உள்ளே தள்ளிவிடுங்கள். யாருக்கு என்று தெரியாமல் முழிப்பார்கள், அப்புறம் ஏதாவது ஒரு வாண்டு அதை அனுப்பினவரிடமே திருப்பிக் கொண்டுபோய்க் கொடுக்கும். நிஜ தபாலிலும் அதுதானே நடக்கிறது?

யார் யாருக்கு அனுப்புவது என்பதை மட்டும் சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவு செய்யுங்கள். அவர்கள் இஷ்டத்துக்கு விட்டால் ஒரு பிள்ளைக்குப் பத்து வரும், ஒரு பிள்ளைக்கு ஒன்றுகூட வராது, அன்றைக்கு முழுக்க அழுகைதான்.

கடைசியாக நிஜ அஞ்சலட்டை வாங்கிப் படம் வரையச் சொல்லி, வீட்டு முகவரியை நீங்களே எழுதி, பிள்ளைகள் கையாலேயே சிவப்புப் பெட்டியில் போட வையுங்கள். தபால் எடுக்கும் நேரம் பெட்டி மேலேயே போட்டிருந்தால் படித்துக் காட்டுங்கள். பின்கோடு விளக்கம் இந்த வயதுக்கு வேண்டாம். பெற்றோர் யாராவது கேட்டால், 1972-ல் வந்த ஏற்பாடு, உங்கள் ஊர் 612001-ல் முதல் 6 தமிழ்நாடும் கேரளாவும் சேர்ந்த மண்டலம், கடைசி மூன்று இலக்கம் தபால் ஆபீஸைக் குறிக்கும் என்று சொன்னால் போதும்.

போஸ்ட் ஆபீஸுக்கே கூட்டிப்போக ஆசை என்றால், அக்டோபர் 9 உலக அஞ்சல் தினத்தை ஒட்டி, போஸ்ட் மாஸ்டரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, கவுன்டரில் கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்துப் போங்கள்.