தென்சென்னை, 1984

அன்புள்ள ஐயா,
போட்டித் தேர்வுக்காகத் தமிழக நாடாளுமன்ற உறுப்பினர்களைப் பற்றிக் குறிப்பெடுத்து வருகிறேன். இரா. செழியன் 1962இல் பெரம்பலூரிலும், 1967, 1971 தேர்தல்களில் கும்பகோணத்திலும் வென்றிருக்கிறார். 1984இல் தென்சென்னையில் வைஜெயந்திமாலாவிடம் தோற்றிருக்கிறார். ஏன் தொகுதி மாறினார்? நாவலர் நெடுஞ்செழியனின் தம்பி என்பதால் வந்த வாய்ப்பா? அமைச்சராகக்கூட ஆகாதவரைச் சாதனையாளர் என்று எப்படி எழுதுவது?
ம., திருச்சி

அன்புள்ள ம.,

அப்பா இறந்து முப்பது ஆண்டுகள் ஆகின்றன. அவரை நினைக்கும்போதெல்லாம் செழியனும் கூடவே வந்துவிடுகிறார். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

தொகுதி மாறிய கதையை விடுங்கள். யாருடைய தம்பி என்பதையும் விடுங்கள். உங்கள் கடைசிக் கேள்விதான் எனக்குக் கோபமூட்டியது. அமைச்சர் பதவிதான் சாதனை என்று உங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? நாடாளுமன்ற உறுப்பினரின் வேலை அரசை நடத்துவதா, அரசிடம் கணக்குக் கேட்பதா? 1971 முதல் 1973 வரை பொதுக் கணக்குக் குழுவின் தலைவராக இருந்தவர் செழியன். அவருக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் வாஜ்பாய், பின்னால் வந்தவர் ஜோதிர்மய் பாசு. தணிக்கை அறிக்கையை வைத்துக்கொண்டு அரசுச் செயலாளர்களை எதிரில் உட்காரவைத்து, இந்தப் பணம் எங்கே போனது என்று கேட்கிற குழு அது. கைதட்டல் கிடைக்காத வேலை. உங்கள் குறிப்பேட்டில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

அப்பா தணிக்கை அலுவலகத்தில் எழுத்தர். தங்கள் அலுவலகத்து அறிக்கைகளை டெல்லியில் ஒருவர் வரிவரியாகப் படிக்கிறார் என்பதில் அவருக்கு அப்படியொரு பெருமை. சாப்பிடும்போதுகூடச் செழியன் பேச்சுதான்.

1984 டிசம்பர் 24. எனக்கு இருபத்திரண்டு வயது, முதல் ஓட்டு. இந்திரா கொல்லப்பட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. எம்.ஜி.ஆர். புரூக்ளின் மருத்துவமனையில் இருந்தார். மயிலாப்பூரில் தெருவே அழுதுகொண்டிருந்தது. நான் வைஜெயந்திமாலாவின் கை சின்னத்தில் முத்திரை குத்தினேன். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னபோது அவர் திட்டவில்லை. "செழியன் பேசியதை ஒரு பக்கமாவது படித்திருக்கிறாயா?" என்று மட்டும் கேட்டார். படித்திருக்கவில்லை. ஏறத்தாழ 48,000 வாக்கு வித்தியாசத்தில் செழியன் தோற்றார். அதில் ஒன்று என்னுடையது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போனால் நான் நேர்மையற்றவனாவேன். "என்னை மக்களவைக்கு அனுப்புங்கள், அவரை ஆர்.ஆர். சபாவுக்கு அனுப்புங்கள்" என்பது அந்தத் தேர்தலில் செழியனின் முழக்கம். ஆர்.ஆர். சபா என்பது மயிலாப்பூரில் கச்சேரியும் நாட்டியமும் நடக்கிற அரங்கம்; 'அவர்' என்றது வைஜெயந்திமாலாவை. அது தவறு. நடனமாடுகிற பெண்ணுக்கு நாடாளுமன்றம் எதற்கு என்று கேட்க எவருக்கும் உரிமையில்லை. 1989இல் அதே தொகுதி வைஜெயந்திமாலாவை மறுபடியும் தேர்ந்தெடுத்தது.

ஆனால் செழியனின் வேலை தேர்தலோடு முடியவில்லை. நெருக்கடி நிலையின் அத்துமீறல்களை விசாரித்த நீதிபதி ஷா ஆணையம் 1978இல் மூன்று பாகங்களாக அறிக்கை தந்தது. அப்போது செழியன் மாநிலங்களவையில் இருந்தார். 1980இல் இந்திரா ஆட்சிக்குத் திரும்பிய பிறகு அந்த அறிக்கையின் பிரதிகள் கண்ணில் படாமல் போயின. யார் யாரைச் சிறையில் அடைத்தார்கள், எவருடைய வாய்மொழி உத்தரவில் எவருடைய வீடு இடிக்கப்பட்டது என்று சாட்சியங்களோடு எழுதப்பட்ட ஆவணம் அது. தன்னிடமிருந்த பிரதியைக் கொண்டு 2010இல் அதை மீண்டும் அச்சில் கொண்டுவந்தவர் செழியன். அப்போது அவருக்கு வயது 87. எந்தத் தொகுதியும் இல்லை, கேட்க வேண்டிய ஓட்டும் இல்லை.

அந்தப் புத்தகத்தை வாங்கி முழுவதும் படித்தேன். அப்பா இருந்திருந்தால் பக்க எண் சொல்லிக் கேள்வி கேட்டிருப்பார்.

தம்பி, தேர்வு எழுதுங்கள், வெற்றி பெறுங்கள். நாளைக்கு நீங்களே அரசு அதிகாரியாக அந்தப் பொதுக் கணக்குக் குழுவின் முன் உட்கார நேரலாம். மக்களவை விவாதங்கள் இப்போது இணையத்திலேயே கிடைக்கின்றன. செழியன் பேசிய ஒரே ஒரு நாளையாவது எடுத்து முழுவதும் படித்துவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள். காத்திருப்பேன்.