ஜிபிஏ 3.2, எல்சாட் 170: எங்கே விண்ணப்பிப்பது?

கல்லூரி ஜிபிஏ (மதிப்பெண் சராசரி, 4க்கு) 3.2, எல்சாட் (அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளுக்கான நுழைவுத் தேர்வு) 170 இருந்தால் எந்தக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். 3.2ஐப் பார்த்துப் பயந்து பட்டியலைச் சுருக்கிவிடாதீர்கள். 170 நல்ல மதிப்பெண், உச்சமே 180தான்.

அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் (ஏபிஏ) அங்கீகாரம் பெற்ற சட்டக் கல்லூரி ஒவ்வொன்றும் ஆண்டுதோறும் '509 அறிக்கை' வெளியிட வேண்டும், அதில் சேர்ந்தவர்களின் எல்சாட், ஜிபிஏ இரண்டுக்கும் 25, 50 (அதாவது நடுமதிப்பு), 75 சதமான அளவுகள் இருக்கும். உங்கள் 170 எங்கெல்லாம் நடுமதிப்பைத் தாண்டுகிறதோ அங்கேதான் அதிக விண்ணப்பங்கள் போக வேண்டும், ஏனென்றால் கல்லூரிகள் தங்கள் நடுமதிப்பைக் காப்பாற்றத்தான் பார்க்கின்றன, இரண்டில் ஒன்றை உயர்த்தித் தருபவருக்கு உதவித்தொகைகூடக் கிடைக்கலாம். ஹார்வர்டு, யேலில் நடுமதிப்பே 170க்கு மேல். ஆசைக்கு ஒன்று போடுங்கள், போதும்.

அப்புறம் உதவித்தொகைக் கடிதத்தை நிதானமாகப் படியுங்கள். 'இந்த ரேங்குக்குக் கீழே போனால் ரத்து' என்று சில இடங்களில் நிபந்தனை வைப்பார்கள், முந்தைய ஆண்டுகளில் எத்தனை பேர் அப்படி இழந்தார்கள் என்பதும் அதே அறிக்கையில் உண்டு.

முதலாண்டு உடல்நலக் குறைவால்தான் ஜிபிஏ சரிந்தது என்றீர்களே, அதைத் தனிக் குறிப்பாக அரைப் பக்கத்தில் எழுதுங்கள். கெஞ்ச வேண்டாம். இலையுதிர் காலத்திலேயே அனுப்பிவிடுங்கள், பல கல்லூரிகள் விண்ணப்பங்கள் வர வர இடங்களை நிரப்புகின்றன.