ரத்தப் புற்றுநோய் வந்தால் ரத்த வகை மாறிவிடுமா?

அப்பாவுக்கு இத்தனை வருஷம் ஏ பாசிட்டிவ். லுகேமியாவுக்குச் சேர்த்த பிறகு "ஓ மாதிரி தெரிகிறது, இன்னொரு சாம்பிள் கொடுங்கள்" என்கிறார்கள், லேபில் ஏதோ குளறுபடியா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ரத்த வங்கி ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். மறு சாம்பிள் கேட்டது மிகச் சரியான காரியம். ஆனால் இது குளறுபடியாகவே இருக்க வேண்டும் என்பதில்லை.

ஏ, பி வகையை முடிவு செய்யும் மரபணு 9-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அதிலிருந்து உருவாகும் நொதிதான் சிவப்பணுவின் மேல் ஒரு சர்க்கரையை ஒட்டி 'ஏ' அடையாளத்தைத் தருகிறது. அக்யூட் மைலாய்டு லுகேமியா (ரத்தப் புற்றுநோயில் ஒரு வகை), எம்.டி.எஸ் (மஜ்ஜையில் ரத்த அணுக்கள் சரியாக உருவாகாத நோய்) போன்றவற்றில், ரத்த அணுக்களை உருவாக்கும் மஜ்ஜைச் செல்களில் மட்டும் அந்த மரபணு முடங்கிப்போகலாம். சிலருக்கு குரோமோசோமில் அந்தப் பகுதியே போய்விடும். அதனால் அங்கிருந்து வரும் சிவப்பணுக்கள் 'ஏ' அடையாளம் இல்லாமல் ஓ போலத் தெரியும். உடம்பின் மற்ற செல்களில் பிறவி மரபணு அப்படியே இருக்கும்.

டியூபில் ரத்தச் செல்களோடு ஆன்ட்டி-ஏ (ஏ அடையாளத்தில் ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்புப் புரதம்) விட்டுச் சுழற்றி எடுத்து லேசாக ஆட்டினால், ஏ வகைச் செல்கள் ஒரே கட்டியாக எழும்ப வேண்டும். இந்த நோயாளிகளுக்குச் சின்னக் கட்டிகளும், சுற்றிலும் ஒட்டாத செல்களின் கலங்கலுமாகத் தெரியும். இதை 'மிக்ஸ்டு ஃபீல்டு' என்போம். சமீபத்தில் ஓ ரத்தம் ஏற்றியிருந்தாலும் இப்படித்தான் தெரியும்; அதனால்தான் முன்பு ரத்தம் ஏற்றினீர்களா என்று துருவிக் கேட்கிறோம். அப்புறம் பிளாஸ்மாவை, அதாவது செல்கள் நீங்கிய ரத்தத் திரவத்தைப் பார்ப்போம். நிஜமான ஓ என்றால் ஆன்ட்டி-ஏ, ஆன்ட்டி-பி இரண்டும் இருக்கும். ஆன்ட்டி-பி மட்டும் இருந்தால், இவர் பிறவியில் ஏ என்ற சந்தேகம் வலுக்கும். இந்த நோயாளிகளுக்கு ஆன்டிபாடியே குறைந்திருப்பதும் உண்டு, அப்போது இன்னும் சிக்கல்.

மரபணுவைத் தொடாமலே குழப்பும் நோயும் உண்டு. பெருங்குடல் புற்றுநோயில் குடல் பாக்டீரியாவின் நொதி ஏ சர்க்கரையைக் கொஞ்சம் வெட்டி, பி போலக் காட்டிவிடும். அதை நம்பி ஏபி ரத்தம் ஏற்றினால், நோயாளியின் சொந்த ஆன்ட்டி-பி அந்தச் செல்களை உடைக்கும். உயிருக்கே ஆபத்து.

குழப்பம் தீரும்வரை ஓ வகைச் சிவப்பணுவும் ஏபி பிளாஸ்மாவும் கொடுப்பது பாதுகாப்பு. 'ஓ' என்று எழுதிவிட்டு ஓ பிளாஸ்மா ஏற்றுவதுதான் தவறு. அதிலுள்ள ஆன்ட்டி-ஏ, மிச்சமிருக்கும் ஏ செல்களைத் தாக்கும்.

நோய் கட்டுக்குள் வந்தால் பெரும்பாலும் ஏ திரும்பிவிடும். வேறு வகைக்காரரின் மஜ்ஜையை மாற்றி வைத்தால் மட்டும், சிவப்பணுவின் வகை கொடையாளியுடையதாகவே மாறும். அப்பாவின் பழைய ரத்த வகை ரிப்போர்ட், ரத்தம் ஏற்றிய விவரம் எது கிடைத்தாலும் ரத்த வங்கியில் கொடுங்கள். எங்களுக்கு அது பெரிய உதவி.