மகள் காலேஜில் ஜெபக்குழுவில் சேர்ந்துவிட்டாள், கவலைப்பட வேண்டுமா?

கேட்டிருப்பது ஒரு அம்மா. மகள் பொறியியல் முதலாமாண்டு, ஹாஸ்டலில் இருக்கிறாள். ‘ஈ.யூ.’ (எவாஞ்சலிக்கல் யூனியன்) என்ற கிறிஸ்தவ மாணவர் ஜெபக்குழுவுக்கு வாராவாரம் போகிறாளாம். குடும்பம் பரம்பரையாக சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தது. படிப்பு கெட்டுவிடுமா, வேறு சபைக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவார்களா என்பதுதான் அவருடைய கேள்வி.

அம்மா, நீங்கள் முதலில் விசாரிக்க வேண்டியது ஒன்றுதான். அந்தக் குழுவை யார் நடத்துகிறார்கள்? படிக்கிற பிள்ளைகளே நடத்துகிறார்களா, இல்லை வெளியிலிருந்து ஒரு பிரதர் வந்து நடத்திவிட்டுப் போகிறாரா? மற்றதெல்லாம் இதற்குப் பிறகு. நான் தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு அரசுப் பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் படித்தேன், அங்கே ஈ.யூ.வில் இருந்தேன். இப்போது கோயம்புத்தூரில் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள் நாலைந்து பேர் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார்கள், என் மனைவி வைக்கிற மீன் குழம்புக்காகத்தான் பாதிப் பேர் வருகிறார்கள் என்று எனக்குச் சந்தேகம். ஆக இந்த ஊழியத்தை உள்ளே இருந்தும் பார்த்திருக்கிறேன், இப்போது கொஞ்சம் தள்ளி நின்றும் பார்க்கிறேன்.

பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடுவோம். காலேஜ் கிறிஸ்தவக் குழு என்றால் எல்லாம் ஒன்றில்லை. 1895-இல் ஜான் மாட் முதலானவர்கள் ஸ்வீடனில் கூடி உலக மாணவர் கிறிஸ்தவ சம்மேளனத்தை ஆரம்பித்தார்கள் (மாட்டுக்குப் பின்னாளில், 1946-இல், அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது). அந்த வழியில் 1912-இல் இந்தியாவில் வந்தது எஸ்.சி.எம்., அதாவது மாணவர் கிறிஸ்தவ இயக்கம். சபைப் பிரிவு பார்க்காமல் சேர்ந்து நிற்பது, சமூக நீதி, தலித் பிரச்சினை, பெண்ணுரிமை என்று அவர்களுடைய பேச்சு போகும். பழைய கிறிஸ்தவக் கல்லூரிகளில் இன்றும் அதற்குக் கிளைகள் உண்டு. இன்னொரு வழி கேம்பிரிட்ஜிலிருந்து வருகிறது. அங்கே மாணவர்களே 1877-இல் ஆரம்பித்த ஐக்கியம் ஒன்று, வேதத்தின் அதிகாரம், சிலுவை இந்த விஷயங்களில் ஒத்துப்போக முடியாமல் 1910-இல் பிரிட்டனில் இருந்த எஸ்.சி.எம்.மை விட்டுத் தனியாக வந்தது. அந்தப் போக்கில் உள்ள நாட்டு இயக்கங்கள் 1947-இல் சர்வதேச அளவில் ஒன்றாகச் சேர்ந்தன. இந்தியாவில் 1954-இல் யூ.இ.எஸ்.ஐ. (இந்திய சுவிசேஷ மாணவர் ஐக்கியம்) உருவானது, அதன் முதல் பொதுச்செயலாளர் பி. டி. சாண்டப்பிள்ளை. உங்கள் மகள் போகிற ஈ.யூ. பெரும்பாலும் இதன் கிளையாகத்தான் இருக்கும். கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு 1924-இல் திருச்சி தூய வளனார் கல்லூரியில் முளைத்த ஐக்கஃப் என்ற கத்தோலிக்க மாணவர் அமைப்பு தனி. இவை எதிலும் சேராமல், ஏதோ ஒரு தனிச் சபை தன் ஆள்பலத்துக்காக ஹாஸ்டல் வாசலில் நடத்துகிற கூட்டங்களும் இருக்கின்றன. நீங்கள் பயப்படுவது இந்தக் கடைசி வகையை நினைத்துத்தான் என்று நினைக்கிறேன்.

சரி, உள்ளே என்னதான் நடக்கும்? எங்கள் கல்லூரியில் மதக் கூட்டத்துக்கு அறை தரமாட்டார்கள். அது நியாயம்தான், அரசுக் கல்லூரி. அதனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வெளியே ரூம் எடுத்துத் தங்கியிருந்த சீனியர் அண்ணன்களின் மொட்டை மாடியில் கூடுவோம். இரண்டு பாட்டு, கிட்டார் இருந்தால் கிட்டார், இல்லாவிட்டால் கைத்தட்டல். அப்புறம் வேதபாடம். பிரசங்கம் கிடையாது, இதை நன்றாகக் கவனியுங்கள். ஒரு பகுதியை வாசித்து, இதில் என்ன இருக்கிறது, அதற்கு என்ன அர்த்தம், இதனால் நான் என்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொருவராகப் பேச வேண்டும். நடத்துகிறவன் மூன்றாமாண்டுப் பையன், அவன் வேலை கேள்வி கேட்பது மட்டும்தான். மாற்கு இரண்டாம் அதிகாரம், திமிர்வாதக்காரனை நாலு பேர் கூரையைப் பிரித்து இறக்கிய கதை வந்த வாரம், சிவில் படிக்கிற ஒருவன் (அவன் கிறிஸ்தவனே இல்லை, ரூம்மேட்டோடு சும்மா வந்தவன்) “அந்தக் கூரை என்ன கட்டுமானம், நாலு ஆள் பாரம் தாங்குமா?” என்று கேட்டுவிட்டான். மரச் சட்டம் போட்டு, மேலே குச்சி பரப்பி, களிமண் பூசி உருட்டியிருப்பார்கள் என்று ஒருவர் சொல்ல, லூக்காவில் ஓடு என்று இருக்கிறதே என்று இன்னொருத்தி மடக்க, அரைமணி நேரம் போனது. கடைசியில் அவனே கேட்டான்: “கூரை போனதற்கு வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லையா?” அந்தக் கேள்விக்குப் பிறகுதான் அன்றைய பாடமே சூடு பிடித்தது. ஞாயிறு பிரசங்கத்தில் பதினெட்டு வருடம் கேட்டும் தோன்றாத கேள்விகள் இப்படி வேற்று ஆளிடமிருந்து வரும்.

படிப்பு விஷயம். ஒழுங்காக நடக்கிற ஈ.யூ.வில் படிப்பும் சாட்சிதான், விசுவாசத்தை வாழ்ந்து காட்டுகிற வழிதான். அரியர் வைத்துக்கொண்டு ஊழியம் என்று சுற்றுகிறவனைச் சீனியர்களே பிடித்து உட்கார வைப்பார்கள். எனக்கு இரண்டாமாண்டுக் கணக்கு ஏறவே இல்லை. செமஸ்டருக்கு முன்னால் ராத்திரி ராத்திரியாக உட்கார வைத்து ஃபூரியர் தொடர் சொல்லிக்கொடுத்தது ஜெபக்குழு அக்கா ஒருவருடைய நோட்டை வாங்கி வந்த ஒரு அண்ணன். காலையில் எழுந்து தனியாக வேதம் வாசிக்கிற பழக்கம் ஒன்று உண்டு, ‘க்வயட் டைம்’ என்பார்கள். ரூம்மேட் தூக்கம் கெடக்கூடாது என்று வராண்டா ட்யூப்லைட்டுக்குக் கீழே உட்கார்ந்து வாசிப்போம். காலேஜில் விடிகாலையில் எழுகிற பிள்ளை எந்தக் காரணத்துக்காக எழுந்தாலும் பெற்றோருக்கு லாபம்தானே!

இனி பயப்பட வேண்டிய இடம். பரீட்சை வாரத்தில் உபவாச ஜெபத்துக்கு வரச் சொல்வது, ஒரு மாணவியைத் தனியாக அழைத்து ‘தீர்க்கதரிசனம்’ சொல்வது, பெற்றோரிடம் சொல்லாதே என்பது, உதவித்தொகையிலிருந்து காணிக்கை கேட்பது, ஊர்ச் சபையைச் செத்த சபை என்று பழிப்பது. இதில் ஒன்று தெரிந்தாலும் மகளிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். நான் படித்தபோது ஊரிலிருந்து வந்துபோன ஒரு குழு இதில் மூன்றைச் செய்தது. எங்கள் வகுப்புப் பையன் ஒருவன் மூன்றாமாண்டில் படிப்பை விட்டுவிட்டு அவர்களோடு போனான். அவனுடைய அப்பா ஹாஸ்டல் வாசலில் வந்து நின்றதை நான் மறக்கவில்லை. அந்தக் குழுவில் முடிவு எடுக்கிற இடத்தில் ஒரு மாணவன்கூட இல்லை. அதனால்தான் யார் நடத்துகிறார்கள் என்று முதலில் கேட்கச் சொன்னேன். மாணவர்கள் நடத்துகிற குழுவில் தலைவன் வருடா வருடம் பாஸாகி வெளியே போய்விடுவான், யாரும் அங்கே பீடம் போட்டு உட்கார முடியாது. முழுநேர ஊழியர் ஒருவர் வந்துபோவார், ஆனால் அவர் ஆலோசனை சொல்கிறவர், அவ்வளவுதான். அவருடைய சம்பளம்கூட என்னைப் போல வேலைக்குப் போனவர்கள் மாதாமாதம் அனுப்புகிற பணத்திலிருந்து வருகிறது, பிள்ளைகளின் பையிலிருந்து இல்லை.

(“கர்த்தர் எனக்குக் காட்டினார், நீதான் என் துணை” என்று மூன்றாமாண்டில் வந்து சொல்கிற பையன்களும் எல்லாக் குழுவிலும் உண்டு. கர்த்தர் அதை எனக்கும் காட்டட்டும் என்று சொல்லிவிட்டுப் போகச் சொல்லுங்கள் உங்கள் மகளை. எங்கள் அக்காமார் அப்படித்தான் சமாளித்தார்கள்.)

மதமாற்றம் என்ற பேச்சும் வரும், மழுப்பாமல் சொல்கிறேன். சுவிசேஷம் சொல்வது இந்த ஊழியத்தின் நோக்கம்தான், இல்லை என்றால் பொய். அரசியல் சாசனத்தின் 25-ஆம் பிரிவு நம்பிக்கையை அறிவிக்கிற உரிமையைத் தருகிறது, பொது ஒழுங்குக்கு உட்பட்டு. அறிவிக்கும் உரிமை என்பது அடுத்தவரை மதம் மாற்றுகிற உரிமை ஆகாது என்று 1977-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதே பிரிவைப் பற்றித்தான். இதைக் கேட்டதும் எங்களில் பலருக்கு முகம் சுளிக்கும். எனக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை. யாரையும் மாற்றுவது நம் கையில் இல்லை என்பதைத்தானே வேதபாடத்திலும் படிக்கிறோம். மேலே சொன்ன சிவில்காரன் நாலு வருடமும் வந்தான், பாடினான், சண்டை போட்டான், ஞானஸ்நானம் எடுக்கவில்லை. அவனுடைய கல்யாணத்துக்கு நாங்கள் எல்லோரும் போய்வந்தோம், அவன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கும்.

சபை விஷயத்தில், நல்ல ஈ.யூ. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வைக்காது. அந்த நேரத்தில் ஏதாவது ஒரு சபைக்குப் போ என்றுதான் சொல்லும். எங்களோடு சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே, மார்த்தோமா எல்லாரும் இருந்தார்கள். ஞானஸ்நானம் எப்போது எடுப்பது, அந்நிய பாஷை உண்டா இல்லையா என்ற சண்டைகளைக் கூட்டத்துக்கு வெளியே டீக்கடையில் வைத்துக்கொள்வோம். நான் இன்னும் சி.எஸ்.ஐ.தான், சபை நிர்வாகத்தைப் பார்க்கிற சேகரக் கமிட்டியில்கூட இருக்கிறேன் (அந்தக் கமிட்டி கூட்டங்களுக்கு ஈ.யூ. எவ்வளவோ தேவலை).

ஆகவே அடுத்த தடவை போன் வரும்போது ‘அங்கே போகாதே’ என்று ஆரம்பிக்காதீர்கள். இந்த வாரம் எந்த அதிகாரம் படித்தீர்கள், யார் நடத்தினார்கள் என்று கேளுங்கள். அவள் பதில் சொன்னால் நீங்களும் வேதத்தைத் திறந்து அதே பகுதியை வாசித்துவிட்டு மறுபடி கூப்பிடுங்கள். ‘அதெல்லாம் உங்களுக்குப் புரியாது’ என்றால் அடுத்த பஸ் பிடித்து நேரில் போய், அந்த ஹாஸ்டல் சீனியர் பெண்களோடு ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.