பெண் பைத்தான் 1,250 கிராம்: இந்த வருடம் ஜோடி சேர்க்கலாமா?

கேள்வி: என்னிடம் ஒரு ஜோடி பால் பைத்தான் (Ball Python, வீட்டில் வளர்க்கும் சிறிய மலைப்பாம்பு) இருக்கிறது. பெண்ணுக்கு இரண்டு வயது, எடை 1,250 கிராம். ஆண் 700 கிராம். இரண்டும் ஒரே தொட்டியில்தான் வளர்கின்றன. மழை தொடங்கியதிலிருந்து ஆண் இரை எடுப்பதில்லை. இந்த வருடம் குஞ்சு எடுக்கலாமா? நண்பர் ஒருவர் தன்னுடைய ஸ்பைடர் என்னும் நிற வகை ஆணையும் தருகிறேன் என்கிறார். வாங்கிக்கொள்ளலாமா? (திருமங்கலத்திலிருந்து ஒரு வாசகர்)

பதில்: முதலில் இரண்டையும் இன்றைக்கே தனித்தனித் தொட்டிக்கு மாற்றிவிடுங்கள். பால் பைத்தானைத் தனியாக வளர்ப்பதுதான் பாதுகாப்பு. ஒன்றின்மேல் ஒன்று சுருண்டு கிடப்பதைப் பார்த்து, ஒற்றுமையாக இருக்கின்றன என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். சூடான மூலைக்கும் பதுங்குமிடத்துக்கும் நடக்கிற போட்டியாகவும் அது இருக்கலாம். உங்கள் ஆண் இரை எடுக்காததற்கு அந்த நெருக்கடி காரணமாக இருக்கலாம். பெண் பக்கத்திலேயே இருப்பதால் வந்த பருவ வேகமாகவும் இருக்கலாம். பருவத்தில் ஆண் சில மாதங்கள் பட்டினி கிடப்பது சகஜம்தான். வாரம் ஒருமுறை எடை பார்த்துக் குறித்து வையுங்கள். பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டாலோ, வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, மூக்கில் குமிழி தெரிந்தாலோ ஊர்வனவற்றைப் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

சரி, குஞ்சு எடுப்பது? இந்த வருடம் வேண்டாம். பெண்ணுக்கு மூன்று வயதும் 1,500 கிராமும் ஆகட்டும். ஆணுக்கு இப்போதிருக்கும் எடை போதும். ஆனால் முட்டையின் சுமை முழுக்கப் பெண்ணுடையது. கருவுற்ற பெண் பெரும்பாலும் வாரக்கணக்கில் இரை எடுக்காது. அந்தக் காலத்தில் சேர்த்து வைத்த கொழுப்பில்தான் முட்டையும் உருவாக வேண்டும், அதன் உயிரும் ஓட வேண்டும். உடம்பு தயாராகாத பெண்ணுக்கு முட்டை வெளிவராமல் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. அதற்காக அடுத்த மாதமே 1,500 தொட்டுவிட வேண்டும் என்று இரையைத் திணிக்காதீர்கள். கொழுத்த பாம்பும் நல்ல தாயாகாது.

அடுத்த ஐப்பசி, கார்த்திகையில் பெண் தயாராக இருந்தால் ஆரம்பிக்கலாம். இரவில் தொட்டியின் சூட்டை 24, 25 டிகிரிக்கு இறக்கினால் போதும். அந்த மாதங்களில் நம் ஊர் வீட்டுக்குள் அது தானாகவே கிடைத்துவிடும். பகலில் சூடான மூலை வழக்கம்போல் 31, 32 டிகிரி இருக்கட்டும். ஆணைப் பெண்ணின் தொட்டியில் இரண்டு மூன்று நாள் விடுங்கள். பிறகு எடுத்துவிட்டு இரண்டு வாரம் ஓய்வு கொடுங்கள். அந்த இடைவெளியில் இரண்டுக்கும் இரை வையுங்கள், சேர்ந்திருக்கும்போது வைக்கக் கூடாது. மாசி வரை இப்படியே போகலாம். வாலோடு வால் பின்னிக் கிடந்தால் தொடாதீர்கள். பிணையல் மணிக்கணக்கில், சில நேரம் ஒரு நாளுக்கு மேலும் நீடிக்கும்.

பெண்ணிடம் வரும் மாற்றத்தைக் கூர்ந்து பார்க்க வேண்டும். சூடான மூலையை விட்டுவிட்டுத் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிக்கொண்டு கிடக்கும். வயிற்றைத் திருப்பி ஒருக்களித்துப் படுக்கும். ஒருநாள் நடு உடம்பு திடீரெனப் பெரிதாக உப்பிக்கொண்டு நிற்கும், மறுநாளே வடிந்துவிடும். கருமுட்டை வெளியாவது அப்போதுதான். அந்தத் தேதியைக் குறித்துக்கொண்டு, ஆணை இனி விடாதீர்கள். அதிலிருந்து இரண்டு மூன்று வாரத்தில் சட்டை உரிக்கும். உரித்த பின் ஏறக்குறைய 30 நாளில் முட்டை. பெரும்பாலும் நான்கு முதல் எட்டு வரை இடும்.

நம் பக்கத்துச் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. முட்டை வரும்போது பங்குனி, சித்திரை ஆகிவிடும். அடை காலம் 55 முதல் 60 நாள். அப்படியென்றால் கத்திரி வெயில் முழுக்க முட்டை, அடைக்கு வைக்கும் பெட்டியில் இருக்கும். அதற்கு வேண்டியது 31, 32 டிகிரி. வெளியே 39, 40 அடிக்கும். குளிர்நாட்டுக்காரர்கள் சொல்கிற பெட்டியில் தெர்மோஸ்டாட் சூட்டைக் கூட்டத்தான் செய்யும், குறைக்காது. மொட்டைமாடி அறையில் வைத்தால் பெட்டி தானாகவே 35 தாண்டிவிடும், கரு கருகிப்போகும். தரைத்தளத்தில், மேற்கு வெயில் படாத அறையில் தரையோடு வையுங்கள். ஏசி இருந்தால் அறையை 27, 28-இல் நிறுத்திவிட்டு, பெட்டிக்குள் மட்டும் சூடேற்றுங்கள். நாள் முழுக்க நீளும் பராமரிப்பு மின்தடைக்காகப் பெட்டிக்குள் நான்கைந்து தண்ணீர் பாட்டில்களை அடுக்கி வைத்தால் சூடு சட்டென்று ஏறவோ இறங்கவோ செய்யாது.

கோழி முட்டையைப்போல் இதைத் திருப்பக் கூடாது. இட்டபோது எந்தப் பக்கம் மேலே இருந்ததோ, அதில் பென்சிலால் சின்னக் கோடு போட்டு அப்படியே ஈரமான வெர்மிகுலைட்டின்மேல் (ஈரத்தைப் பிடித்துவைக்கும் கனிமத் துகள்) வையுங்கள். முட்டையில் தண்ணீர் படக் கூடாது, ஆனால் பெட்டிக்குள் ஈரப்பதம் 90 சதவீதத்துக்கு மேல் வேண்டும். டார்ச் அடித்துப் பார்த்தால் சிவப்பு நரம்பு ஓடுவது தெரியும். தாயின் தொட்டியைக் கழுவி, அதன் உடம்பையும் வெதுவெதுப்பான நீரில் அலசிவிடுங்கள். முட்டை வாசனை போனால்தான் சீக்கிரம் இரைக்குத் திரும்பும். அப்புறம் ஒரு வருடம் அதற்கு ஓய்வு கொடுங்கள்.

ஸ்பைடர் ஆணை வாங்காதீர்கள். அந்த நிறத்தைத் தரும் மரபணுவோடு நரம்புக் கோளாறும் சேர்ந்தே வருகிறது. தலை நடுங்கும், இரையைக் குறிபார்த்துக் கவ்வத் தடுமாறும், சில குட்டிகள் சுழன்றுகொண்டே இருக்கும். தெரிந்தே அதைக் குஞ்சுகளுக்குக் கடத்த வேண்டியதில்லை. ஒரு பெண்ணுக்கு ஒரு ஆண் போதும். இரண்டு ஆண்களை ஒன்றாக விட்டால் சண்டைதான். எந்தப் புதுப் பாம்பு வந்தாலும் மூன்று மாதம் தனி அறையில் வைக்க வேண்டும் என்பதையும் நண்பருக்குச் சொல்லுங்கள்.

பால் பைத்தான் ஆப்பிரிக்கப் பாம்பு, சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டில் உள்ள இனம். 2022-இல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வைத்திருப்பதைப் பதிவு செய்ய வேண்டும். குஞ்சு பொரித்தால் அதையும், கைமாற்றினால் அதையும் தெரிவிக்க வேண்டும். 2024 விதிகளின்படி இதெல்லாம் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் நடக்கிறது. உங்கள் ஜோடிக்குப் பதிவு இல்லையென்றால் குஞ்சைப் பற்றி யோசிக்கும் முன் அதை முடியுங்கள். அழகர்மலை, சிறுமலை அடிவாரத் தோட்டங்களில் தட்டுப்படும் நம் மலைப்பாம்பு அதே சட்டத்தின் முதல் அட்டவணையில், உச்சப் பாதுகாப்பு பெற்ற பட்டியலில் இருக்கிறது. யாராவது பிடித்துக்கொண்டு வந்து கொடுத்தால் ஒரு இரவுகூட வீட்டில் வைத்திருக்காமல் வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள்.