பன்றி இறைச்சி திருடிய நாயை வகுப்பில் என்ன செய்வது?

ஜாக் லண்டனின் ‘தி கால் ஆஃப் தி வைல்ட்’ 1903இல் வந்த நாவல். பக் என்ற வீட்டு நாயைத் திருடி வடக்கே பனிவண்டி இழுக்க விற்றுவிடுகிறார்கள். அது அங்கே எப்படிப் பிழைத்தது, எப்படி மாறியது என்பதுதான் கதை. பினாங்கில் இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளோடு பல தடவை படித்தவன் என்ற முறையில், உங்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன்.

பட்டர்வொர்த், ஓர் ஆசிரியை: என் மாணவர்கள் பனியையே பார்த்ததில்லை. எங்கிருந்து தொடங்குவது, சார்?

பக் வடக்கே தூங்க இடம் தேடும் முதல் இரவை எடுங்கள், டீச்சர். திருடப்படும் முன் ஒரு நீதிபதி வீட்டில் கணப்பருகே படுத்த நாய் அல்லவா, வெளிச்சம் தெரிகிறதே என்று கூடாரத்துக்குள் நுழைகிறது. திட்டும் விழுகிறது, சட்டிபானையும் பறக்கிறது. வெளியே குளிர்காற்று, மற்ற நாய்களைக் காணோம். அலைந்து திரியும்போது காலடியில் பனி சரிகிறது. உள்ளே பில்லி என்ற நாய் சுருண்டு கதகதப்பாகக் கிடக்கிறது. ஓகோ, இப்படித்தானா என்று பக்கும் குழி தோண்டிப் படுத்துவிடுகிறது. யாரும் சொல்லித் தரவில்லை, பார்த்துக் கற்றது. ஒன்று மட்டும்: “பக் என்ன உணர்ந்தது?” என்று பிள்ளைகளைக் கேட்காதீர்கள். தைரியம், தன்னம்பிக்கை என்று எழுதி நீட்டிவிடுவார்கள். “என்ன செய்தது?” என்று கேளுங்கள்.

ஜெலுத்தோங், ஒரு தாய்: மகளுக்குப் பதினொரு வயது. கொடுக்கலாமா?

கர்லி என்ற நாயை மற்ற நாய்கள் குதறிக் கொல்வது இரண்டாம் அத்தியாயத்திலேயே வந்துவிடும். கூட உட்கார்ந்து படிக்க முடிந்தால் கொடுங்கள்.

செந்தூல், ஒரு மாணவர்: மாற்றம் பற்றி மாதிரிக் கட்டுரை கிடைக்குமா?

கிடைக்காது, தம்பி.

பிரிக்பீல்ட்ஸ், ஓர் ஆசிரியர்: பக்கின் மாற்றம் வளர்ச்சியா, வீழ்ச்சியா?

அதற்கு முன் மாறாதவர்களைப் பாருங்கள். பக்கைப் பிறகு வாங்கிய ஹால், சார்ல்ஸ், மெர்சிடிஸ் மூவரும் ஒரே வண்டிக்கு 14 நாய்களைப் பூட்டுகிறார்கள். அத்தனை நாய்க்கும் வேண்டிய தீனியை ஒரு வண்டியில் ஏற்ற முடியாது என்ற கணக்கு அவர்களுக்கு ஓடவில்லை. முதலில் அள்ளிப் போடுகிறார்கள், அப்புறம் பட்டினி. ஆற்றுப் பனி இளகிவிட்டது என்று வழியில் முகாமிட்டிருந்த தார்ன்டன் என்பவர் சொல்லியும் கேட்கவில்லை. பக் அடி வாங்கியும் எழ மறுக்கிறது. தார்ன்டன் குறுக்கே வந்து காப்பாற்றுகிறார். மற்றவர்கள் கால் மைல் போனதும் பனி உடைகிறது. பிறகு அதே பக், தார்ன்டனுக்காக ஆயிரம் பவுண்டு பாரத்தை நகர்த்துகிறது. அந்த அத்தியாயத்தைத் தாண்டிவிட்டு ‘நாய் ஓநாயானது’ என்று முடிப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆயர் ஈத்தாம், ஒரு தந்தை: பக் இறைச்சி திருடுவதைக் கதை புகழ்கிறது. ‘ஈன்றாள் பசிகாண்பான் ஆயினும்’ பழிச்செயல் செய்யாதே என்று படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இது தேவையா?

புகழ்ச்சி மட்டும் இல்லை, ஐயா. அந்தத் திருட்டு பிழைக்கத் தகுதி என்றும், ஒழுக்கம் சிதைந்ததன் அடையாளம் என்றும் லண்டன் ஒரே பத்தியில் சொல்கிறார். பக்குக்கு ஒரு நாளைக்கு ஒன்றரைப் பவுண்டு கருவாடு. அது அந்த உடம்புக்கு எந்த மூலைக்கு? பைக் என்ற நாய் ஒரு துண்டு பன்றி இறைச்சியைச் சுருட்டியதைப் பக் பார்க்கிறது. மறுநாள் பக் முழுக்கட்டியையே தூக்கிவிட்டது. உதை வாங்கியது யார் தெரியுமா? டப் என்ற அப்பாவி.

பிரிக்பீல்ட்ஸ் ஆசிரியர் இடையில்: வள்ளுவர் மனிதருக்குச் சொன்னார், நாய்க்கு இல்லையே!

அப்படி நழுவ விடமாட்டேன். முதல் அத்தியாயத்தைத் திருப்புங்கள். பக்கைத் திருடி விற்ற தோட்டக்கார உதவியாள் மனுவேலுக்கும் பெண்டாட்டி பிள்ளைகள் இருக்கிறார்கள். கூலி பத்தவில்லை, போதாததற்குச் சூதாட்டம் வேறு. ஒரே கதையில் இரண்டு திருட்டு. ஐயா சொன்ன குறள் மனுவேலுக்குத்தான் கச்சிதமாகப் பொருந்துகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

தந்தை மீண்டும்: அப்படியானால் பக்குக்கு மன்னிப்பு, மனுவேலுக்குக் குறளா?

இந்தக் கேள்வியை அப்படியே வகுப்பில் போடுங்கள். ஒரு மாணவர் டப் சார்பில் பேசட்டும், சூடு பிடிக்கும்.

தஞ்சோங் பூங்கா: எங்கள் நாய் சரியாகச் சாப்பிடுவதில்லை...

கால்நடை மருத்துவரைப் பாருங்கள்.

செராஸ்: லண்டனின் ‘ஒயிட் ஃபேங்’ இதன் தொடர்ச்சியா?

இல்லை. 1906இல் வந்த தனிக்கதை. அதில் ஓநாய்க்கலப்பு நாய் ஒன்று காட்டிலிருந்து வீட்டுக்கு வரும்.

கெப்போங்: பக்கின் உணர்வுகள் பற்றி ஒரு மாதிரிக் கட்டுரை...

செந்தூல் தம்பிக்குச் சொன்னதுதான். உணர்வு வேண்டாம், செயல்.

இன்னும் சிலர்: படம் பார்த்தால் போதாதா?

2020இல் வந்த படத்தில் பக்கே கணினியில் செய்த நாய். புத்தகம் ஏழே அத்தியாயம்தான், படியுங்கள்.