ஆடிக்கொண்டிருக்கும்போதே 'டிக்ளேர்' செய்வது ஏன்?

டெஸ்ட் போட்டியில் விக்கெட் மிச்சம் இருக்கும்போதே "போதும்" என்று அணித்தலைவர் தன் அணியின் துடுப்பாட்டத்தை முடித்துக்கொள்வதுதான் டிக்ளேர்.

ஓட்டம் கூடினால் மட்டும் வெற்றி வராது. 5 நாளுக்குள் எதிரணியைச் சுருட்டியாக வேண்டும், அதற்கு நேரம் வேண்டும். 1997இல் கொழும்பில் இந்தியாவுக்கு எதிராக இலங்கை 6 விக்கெட்டுக்கு 952 எடுத்து டிக்ளேர் செய்தது. சாதனைதான், ஆனால் ஆட்டம் டிரா, யாருக்கும் வெற்றியில்லை.

நம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பது மாதிரித்தான் இதுவும். இன்னும் ஒரு நிரை, இன்னும் இரண்டு கிலோ என்று மலையிலேயே நின்றால் நிறுக்கிற நேரம் தப்பிவிடும். முந்தி இறங்கினாலோ கிலோ காணாது, அரைப் பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம். தலைவருக்கும் அதே தலைவலி: பிந்தினால் நேரம் போதாது, முந்தினால் எதிரணி இலக்கை எட்டிவிடும். 2015இல் நம் பல்லேகலையில் 377 என்ற இலக்கைப் பாகிஸ்தான் 3 விக்கெட்டை மட்டும் இழந்து எட்டிப்பிடித்தது. அதைப் பார்த்த எந்தத் தலைவருக்கும் டிக்ளேர் செய்யக் கை நடுங்கும். அப்புறம், பின்னேரத்து மழையையும் கணக்கில் எடுக்க வேண்டும்!

மறுபக்கம் தோல்வியைத் தவிர்க்கக் கட்டை போடுவார்கள், அதாவது ஓட்டத்தைப் பார்க்காமல் பந்தைத் தடுத்துக்கொண்டே நிற்பார்கள். 2012இல் அடிலெய்டில் தென்னாபிரிக்காவின் டு பிளெஸ்ஸி 376 பந்துகளில் 110 எடுத்து, கடைசிவரை ஆட்டமிழக்காமல் நின்று டிரா வாங்கிக் கொடுத்தார். என் கண்ணில், சதம் அடித்ததைவிட அப்படி நின்றதுதான் பெரிய வேலை.

பலர் டிராவையும் 'டை'யையும் ஒன்றாக நினைக்கிறார்கள்: ஓட்டங்கள் சமமாகி ஆட்டம் முடிந்தால்தான் டை, முடிவு வராமல் நேரம் தீர்ந்தால் டிரா.